செத்த ஆத்மாக்கள் யார்?

ஒரு வார்த்தைக்குப் பொருள் என்ன என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்த வார்த்தைக்குப் பொருள் யார் யார், எவை எவை என்று கேட்கிற பழக்கம் அவ்வளவாக இல்லை. இரண்டும் ஒரே கேள்விதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல என்று காட்டுவதற்கு ஒரு நாவல் இருக்கிறது. நிகொலாய் கோகோல் 1842இல் வெளியிட்ட ‘செத்த ஆத்மாக்கள்’தான் அது. தர்க்கக்காரர்களும் மொழியியல்காரர்களும் விஸ்தாரமாக விவாதித்திருக்கிற ஒரு விஷயத்தை அந்த நாவல் கதையாகவே நடத்திக் காட்டிவிடுகிறது. அதை அந்த விதமாக ஒரு தடவை படித்துப் பார்ப்பது லாபம் என்பது என் கட்சி.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தர்க்கம் வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் ‘பொருள்’ என்பதே விசித்திரமான ஒரு வார்த்தை. அர்த்தத்துக்கும் அதுதான் பெயர். உலகத்தில் கிடக்கிற வஸ்துவுக்கும் அதுதான் பெயர். ‘பசு’ என்றதும் மனசில் எழுகிற கருத்து ஒன்று. கொட்டிலிலும் தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் நிற்கிற பசுக்கள் அத்தனையும் சேர்ந்த கூட்டம் மற்றொன்று. இரண்டையுமே அந்தச் சொல்லின் பொருள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஐரோப்பியத் தர்க்கக்காரர்கள் இவற்றைப் பிரித்துப் பேச வெகுநாள் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். 1662இல் பாரிஸில் வெளியான போர்-ராயல் தர்க்க நூலிலேயே இந்தப் பிரிவினை வந்துவிடுகிறது. இன்று மொழியியலில் முன்னதை இன்டென்ஷன் என்றும் பின்னதை எக்ஸ்டென்ஷன் என்றும் சொல்கிறார்கள். ருடால்ப் கார்னாப் 1947இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டையும் கொண்டுதான் தம் முறையை அமைத்தார். முன்னதை நான் கருத்து என்றும், பின்னதைப் பரப்பு என்றும் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு சொல் யார் யாரை, எது எதைச் சென்று தொடுகிறதோ, அவ்வளவும் சேர்ந்தது அந்தச் சொல்லின் பரப்பு.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுகிற உதாரணம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் யேனா சர்வகலாசாலையில் கணிதம் போதித்துவந்த காட்லோப் பிரேகே 1892இல் எழுதிய ஒரு கட்டுரையில் வருவது. விடியற்காலையில் கிழக்கே தெரிகிற நட்சத்திரமும் அந்தியில் மேற்கே தெரிகிற நட்சத்திரமும் ஒன்றேதான்; சுக்கிரன். பெயர் இரண்டு, கருத்து இரண்டு, பரப்பு ஒன்று. தமிழில் இதை விளக்குவது இன்னும் சுலபம். விடிவெள்ளி, அந்திவெள்ளி என்று இரண்டிலும் வெள்ளியை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். இருந்தும், மேடையில் ஒரு தலைவரை ‘எங்கள் விடிவெள்ளியே’ என்று அழைத்தால் கை தட்டுவார்கள். ‘எங்கள் அந்திவெள்ளியே’ என்று அழைத்தவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். வானத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. வார்த்தையில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை நம் இலக்கணக்காரர்கள் நன்றாகவே கண்டிருக்கிறார்கள். நன்னூல் வழி வந்த இலக்கணங்களில் காரண இடுகுறிப் பெயர் என்று ஒரு வகை சொல்வார்கள். முள்ளி என்பது உதாரணம். முள் இருப்பதால் முள்ளி. காரணம் தெளிவாக இருக்கிறது. ஆனால் முள் உள்ள செடிகளுக்கெல்லாம் அந்தப் பெயர் போவதில்லை. ஒரு செடிக்குத்தான் போகிறது. கருத்து அகலமாக இருக்கிறது. வழக்கம் குறுக்கே வந்து நின்று, பரப்பு இவ்வளவுதான் என்று வேலி போட்டுவிடுகிறது. முள் இருந்தும் முள்ளி என்று பெயர் வாங்காத செடிகளுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மனிதர்களைக் குறிக்கிற வார்த்தைகளில் இப்படி வேலி போட்டால் நஷ்டம் உண்டு.

ரஷ்ய சாம்ராஜ்யத்தில் அப்படி வேலி போடப்பட்ட ஒரு வார்த்தைதான் ‘ஆத்மா’. மகா பீட்டர் காலத்தில் தலைவரி விதித்தார்கள். வரிக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு ஓர் அலகு வேண்டும். அந்த அலகுக்கு ஆத்மா என்று பெயர் வைத்தார்கள். நம் கிராமங்களில் கோவில் திருவிழாவுக்கு வரி எழுதும்போது ‘இத்தனை தலைக்கட்டு’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. தலைக்கட்டில் தலை என்பது பொதுவாகக் கல்யாணமான ஆணின் தலைதான். மற்றத் தலைகள் கணக்கில் வருவதில்லை. ரஷ்யாவிலும் வரி ஆத்மா என்றால் ஆண்பிள்ளைதான். பெண்களின் பெயரை எழுதிக்கொள்வது உண்டு என்றாலும் அவர்களுக்கு வரி இல்லை. ஆகவே வரிக்கணக்கில் ஆத்மாவும் இல்லை. முந்நூறு ஆத்மாக்கள் உள்ள பண்ணை என்றால் முந்நூறு ஆண் பண்ணையடிமைகள் உள்ள பண்ணை என்று அர்த்தம்.

இந்தக் கணக்கெடுப்பு வருஷா வருஷம் நடந்ததல்ல. 1719க்கும் 1858க்கும் இடையே பத்துத் தடவைதான் நடந்தது. ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு குடியானவன் செத்துப்போனால் அவன் பெயர் பட்டியலிலேயே இருக்கும். பண்ணையார் அவனுக்காக வரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உலகத்தில் ஆள் இல்லை. சர்க்கார் காகிதத்தில் ஆள் உண்டு. கோகோலின் கதாநாயகன் சிச்சிகோவ் இந்த இடைவெளியைத்தான் கண்டுபிடிக்கிறான். செத்தவர்களின் பெயர்களை மலிவாக வாங்கி, உயிரோடு இருக்கிற அடிமைகள் என்று காட்டி, அறங்காவலர் சபையில் அடமானம் வைத்துத் தலைக்கு இருநூறு ரூபிள் கடன் வாங்கிவிடலாம் என்பது அவன் திட்டம். அநாதை இல்லங்களை நிர்வகித்துவந்த அந்தச் சபை, கடனும் கொடுத்துவந்தது. சிச்சிகோவ் யாருடைய பொருளையும் திருடவில்லை என்று சொல்லலாம். பரப்பு வற்றிப்போன வார்த்தைகளை வாங்கி, பரப்பு உள்ள வார்த்தைகளின் விலைக்குத் தள்ளப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

நாவலின் தலைப்பே தணிக்கையில் மாட்டிக்கொண்டது. மாஸ்கோ தணிக்கைக் குழுவில் நடந்ததைக் கோகோல் 1842 ஜனவரியில் பிளெத்னியோவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். தலைப்பைக் கேட்டதுமே குழுவின் தலைவர், ஆத்மா அழிவில்லாதது, செத்த ஆத்மா என்பது இருக்க முடியாது, ஆசிரியர் சாஸ்திரத்துக்கு விரோதமாகக் கிளம்பியிருக்கிறார் என்று ஆட்சேபித்தாராம். அதுவல்ல, கணக்கெடுப்பு ஆத்மாக்களைப் பற்றியது என்று விளக்கியிருக்கிறார்கள். அப்படியானால் இன்னும் மோசம், இது பண்ணையடிமை முறைக்கே விரோதமானது என்றாராம். படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் மனுஷன் முட்டாள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் ஆட்சேபம் கருத்தின் மேல். இரண்டாவது ஆட்சேபம் பரப்பின் மேல். ஒரே நிமிஷத்தில் இரண்டையும் பார்த்துவிட்டார். பின்னால் வந்த விமரிசகர்கள் பலருக்கு அது கைகூடவில்லை. கடைசியில் பீட்டர்ஸ்பர்க் தணிக்கையாளர் நிகிதென்கோ, ‘சிச்சிகோவின் பிரயாணங்கள், அல்லது செத்த ஆத்மாக்கள்’ என்று தலைப்பை நீட்டி அனுமதித்தார்.

சிச்சிகோவ் பண்ணை பண்ணையாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறான்: செத்த ஆத்மாக்களை எனக்கு விற்பீர்களா? ஒவ்வொருவரும் அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் நாவலின் முதல் பாதி. மனீலோவ் இது சட்டத்துக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டுவிட்டு இனாமாகவே கொடுத்துவிடுகிறான். வார்த்தை எதைத் தொடுகிறது என்ற கவலை அவனுக்கு எதிலுமே கிடையாது. விதவை கொரோபோச்காவுக்கு வார்த்தைக்குப் பின்னால் ஒரு சரக்கு இல்லாமல் இருக்க முடியும் என்பதே புரியவில்லை. சணலும் தேனும் விற்றிருக்கிறாள், செத்தவர்களை விற்றதில்லை. மார்க்கெட்டில் என்ன விலை போகிறதோ, ஒருவேளை பண்ணை வேலைக்கே எப்போதாவது உபயோகப்படுமோ என்று தயங்குகிறாள். பதினெட்டுப் பேரைப் பதினைந்து ரூபிளுக்கு விற்ற பிறகும் அவளுக்குச் சமாதானம் இல்லை. வண்டி கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறாள்.

சொபாகேவிச்சின் கட்டம் இந்த நாவலிலேயே பிரமாதமானது. தலைக்கு நூறு ரூபிள் என்று ஆரம்பிக்கிறான். சிச்சிகோவ் எண்பது கோபெக் தருகிறேன் என்கிறான். உடனே சொபாகேவிச் தன் சரக்கைப் புகழ ஆரம்பித்துவிடுகிறான்: மிஹேயெவ் மாதிரி வண்டி செய்கிறவன் எங்கே உண்டு, ஸ்தெபான் புரோப்கா மாதிரி தச்சன் உண்டா, மக்ஸீம் தெலியாத்னிகோவ் தைத்த ஜோடு மாதிரி ஒன்று கிடைக்குமா என்று அடுக்குகிறான். அவர்கள் எல்லோரும் செத்தவர்களாயிற்றே என்று சிச்சிகோவ் ஞாபகப்படுத்துகிறான். சொபாகேவிச் ஒரு நிமிஷம் நிதானித்து, ஆமாம், செத்தவர்கள்தான் என்று ஒப்புக்கொள்கிறான். ஆனால் உயிரோடு இருக்கிறதாகக் கணக்கில் உள்ளவர்கள் மட்டும் என்ன மனிதர்களா, ஈக்கள் என்கிறான். கடைசியில் இரண்டரை ரூபிளுக்குப் படிகிறது. சொபாகேவிச் ஏமாற்றுக்காரன்தான். ஆனால் செத்த தச்சனுக்கும் செத்த செம்மானுக்கும் வித்தியாசம் தெரிந்த பண்ணையார் அவன் ஒருவனே என்பதையும் கவனிக்க வேண்டும்.

அவன் இன்னொன்றும் செய்கிறான். பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரைச் சொருகிவிடுகிறான். எலிஸவேத்தா வொரோபெய் என்பது பெண் பெயர். கடைசி எழுத்தை மாற்றி ஆண் பெயர் மாதிரித் தெரியும்படி எழுதிவைத்திருக்கிறான். பிறகு பட்டியலைப் படிக்கும்போது சிச்சிகோவ் இதைக் கண்டுபிடித்து, திட்டிக்கொண்டே அடித்துவிடுகிறான். ஹாஸ்யமாக வருகிற சின்ன விஷயம். பலர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. செத்த ஆத்மா என்கிற அந்தஸ்துக்குக்கூட ஒரு பெண் ஆண் வேஷம் போட்டுக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. வந்தும் பிடிபட்டுவிடுகிறாள்.

இது கதைக்காகச் செய்துகொண்ட மிகை என்று நினைக்க வேண்டாம். கனடாவின் 1867ஆம் வருஷத்து அரசியல் சட்டம், செனட் சபைக்குத் தகுதியுள்ள நபர்களை நியமிக்க வேண்டும் என்றது. ‘நபர்’ என்ற அந்தச் சொல் பெண்களையும் தொடுமா என்று ஐந்து பெண்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், நெல்லி மக்ளங், நாவலாசிரியை. தொடாது என்று 1928 ஏப்ரலில் கனடாவின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. 1867இல் பெண்களுக்குப் பொதுப் பதவி வகிக்கும் உரிமை இருந்ததில்லை, சட்டத்தை அன்றைய அர்த்தத்தில்தான் படிக்க வேண்டும் என்பது வாதம். 1929 அக்டோபர் 18ஆம் தேதி லண்டனில் பிரிவி கவுன்ஸில் அதை மாற்றி, தொடும் என்றது. அந்தப் பதினெட்டு மாதங்களில் அகராதியில் ‘நபர்’ என்பதற்கு அர்த்தம் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது பரப்பு மட்டுமே. மனிதர்களுக்கு எது முக்கியமாக இருந்தது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கோகோலிடம் திரும்பி வருகிறேன். சிச்சிகோவ் வாங்கியது செத்த ஆத்மாக்கள் என்ற வதந்தி ஊரில் பரவியதும், அந்த வார்த்தைக்குப் பொருள் என்ன என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. கவர்னர் மகளைக் கடத்திக்கொண்டு போவதற்காக ஏற்பட்ட சூது அது என்று ஸ்திரீகள் தீர்மானிக்கிறார்கள். உத்தியோகஸ்தர்கள் பாடு வேறு. சுகாதார அதிகாரிக்கு ஆஸ்பத்திரியில் கவனிப்பில்லாமல் செத்துப்போனவர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது, முகம் வெளுத்துவிடுகிறது. மற்றவர்களும் தாங்கள் மூடி மறைத்த சாவுகளை நினைத்து நடுங்குகிறார்கள். பரப்பு இன்னதென்று தெரியாத ஒரு வார்த்தையை ஊரில் விட்டால், அவனவன் தன் குற்றத்தைக் கொண்டுவந்து அதில் நிரப்பிவிடுகிறான். மொழியியல் நூல்கள் இந்த வகைப் பொருளுக்குப் பெயர் வைத்திருக்கின்றனவோ இல்லையோ, ஒரு நாவலாசிரியனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிற அநேகர், எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்: உண்மையில் செத்த ஆத்மாக்கள் குடியானவர்கள் அல்ல, பண்ணையார்கள்தான் என்று. புதிய கருத்து அல்ல. ஹெர்ஸன் 1842 ஜூலையிலேயே தம் டயரியில் இப்படி எழுதிவைத்தார். நோஸ்திரியோவ்களும் மனீலோவ்களும்தான் செத்த ஆத்மாக்கள், அவர்களை நாம் அடிக்கொரு தரம் சந்திக்கிறோம் என்பது அவர் கருத்து. அன்றைக்கு அதைச் சொன்னதில் துணிச்சல் இருந்தது. எதிரி யார் என்று அது காட்டிற்று. அப்படி வாசிப்பதற்கு நாவலும் இடம் கொடுக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த வாசிப்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ‘செத்த ஆத்மா’ என்ற வார்த்தையின் கருத்தை ஆழமாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு அதன் பரப்பை மாற்றிவிடுகிறது. அந்த வார்த்தைக்குள் அதுவரை இருந்தவர்கள் நிஜமாகவே செத்துப்போன சில நூறு குடியானவர்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஐந்தாறு பண்ணையார்களை உள்ளே கொண்டுவந்து வைக்கிறது. பிளூஷ்கினிடம் கடைசிக் கணக்கெடுப்புக்குப் பிறகு செத்தவர்கள் மாத்திரம் நூற்றிருபது பேர். ஏன் அத்தனை பேர் என்பதற்கும் நாவலிலேயே பதில் இருக்கிறது. அவன் தன் ஆட்களைப் பட்டினி போட்டே கொன்றுவிட்டான் என்று சொபாகேவிச் சொல்கிறான். பிளூஷ்கினின் ஆத்மா செத்துவிட்டது என்று உருகுகிற விமரிசகர், அவன் பண்ணையில் செத்த நூற்றிருபது பேரை உவமைக்கு உபயோகமான பொருளாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். சிச்சிகோவாவது அவர்களுக்கு ஒரு விலை கொடுத்தான்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல என்பதற்கு ஏழாவது அத்தியாயம் சாட்சி. வாங்கிய ஆத்மாக்கள் கிட்டத்தட்ட நானூறு. பத்திரம் எழுதுவதற்காகச் சிச்சிகோவ் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொள்கிறான். பிளூஷ்கின் கொடுத்தது சுருக்கமான பட்டியல். பல பெயர்களுக்கு முதல் எழுத்துகள்தான் இருக்கின்றன. சொபாகேவிச்சின் பட்டியலில் ஒவ்வொருவனுடைய தொழிலும் குணமும் விவரமாக எழுதியிருக்கிறது. பெயர்களைப் பார்க்கப் பார்க்கச் சிச்சிகோவுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. அந்தப் பெயர்களோடு பேச ஆரம்பித்துவிடுகிறான். தச்சன் புரோப்கா மாதா கோவில் உச்சியிலிருந்து சறுக்கி விழுந்திருப்பான். பக்கத்தில் நின்ற இன்னொருவன் தலையைச் சொறிந்துகொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதே இடத்துக்கு ஏறியிருப்பான். செம்மான் தெலியாத்னிகோவ் சொந்தமாகக் கடை வைத்து, அழுகல் தோலை மலிவாக வாங்கி ஜோடு தைத்து, வாடிக்கை போய், குடித்துச் செத்திருப்பான். ஓடிப்போன அபாக்கும் ஃபீரொவ் வோல்கா நதியில் படகு இழுக்கிறவர்களோடு சேர்ந்திருப்பான். பட்டியல் கதையாகிவிடுகிறது.

ஒரு மோசடிக்காரனுக்கு இப்படிப்பட்ட சிந்தனை எப்படி வரும், இதெல்லாம் ஆசிரியரின் சிந்தனை, பாத்திரத்தின் தலையில் தவறாக ஏற்றிவிட்டார் என்று பெலின்ஸ்கி 1842இலேயே குறை சொன்னார். பாத்திர இயல்பு என்று பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் நாவல் சாமர்த்தியமான ஒரு நையாண்டியாக நின்றுபோயிருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு பணம் பண்ணப் பார்க்கிறவனே பட்டியலை மெதுவாகப் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே சோதனை. மெதுவாகப் படித்தால் ஆள் தெரிந்துவிடுகிறான். சிச்சிகோவ் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டு பத்திரம் எழுதக் கச்சேரிக்குக் கிளம்பிவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

கதைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொந்த அக்கறை உண்டு. பிரேகே அதே 1892ஆம் வருஷத்துக் கட்டுரையில் காவியங்களையும் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார். ஒடிஸியஸ் என்ற பெயருக்கு உலகத்தில் ஆள் இருந்தானா இல்லையா என்பது, காவியத்தை ரஸிக்கிற வரையில் நமக்குப் பொருட்டல்ல. கருத்தும் உணர்ச்சியும் போதும். உண்மை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தால்தான் ஆள் வேண்டும் என்கிறார். நல்ல மனசோடு கொடுத்த சலுகைதான். ஆனாலும் கதைப் பெயர்களின் பரப்பு வெறும் சூன்யம் என்று அதில் தீர்மானமாகிவிடுகிறது. எல்லாச் சூன்யமும் ஒன்றுதானே? பரப்பை மட்டும் வைத்துப் பேசினால் முயற்கொம்புக்கும் ஆகாயத்தாமரைக்கும் வித்தியாசம் இல்லை. சிச்சிகோவுக்கும் எலிஸவேத்தாவுக்கும் வித்தியாசம் இல்லை.

இதற்கு ஒரு பதிலை அமெரிக்கத் தத்துவாசிரியர் நெல்சன் குட்மன் 1949இல் சொன்னார். குதிரை உடம்பு மனிதனும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் உலகத்தில் இல்லைதான். ஆனால் முன்னதன் படங்கள் உண்டு, பின்னதன் படங்கள் உண்டு, இவை வேறு அவை வேறு. ஆகவே இந்த இரண்டு சொற்களும் பொருளில் ஒன்றல்ல என்றார். நம் கோவில்களில் காமதேனு வாகனமும் கற்பக விருட்ச வாகனமும் இருக்கின்றன. காமதேனுவைத் தெருவில் பார்த்தவர் இல்லை, கற்பக விருட்சத்துக்குத் தண்ணீர் ஊற்றினவரும் இல்லை. எந்த நாளைக்கு எந்த வாகனம் என்பதில் மட்டும் வாகனம் தூக்குகிறவர்கள் தவறுவதே இல்லை. வார்த்தை தொடுவதற்கு உலகத்தில் ஆள் இல்லாதபோது, அந்த வார்த்தையைச் சுற்றி மனிதர்கள் செய்துவைத்த உருவங்களும் வர்ணனைகளும் அந்த இடத்தில் நின்று வேலை செய்கின்றன.

ஏழாவது அத்தியாயத்தில் நடப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். புரோப்கா என்ற பெயர் சர்க்கார் காகிதத்தில் ஓர் எண்ணிக்கை. சிச்சிகோவின் கணக்கில் இருநூறு ரூபிள். ஆள் போய்விட்டான். அந்தக் காலியிடத்தில் கோகோல் ஒரு கோவில் உச்சியையும் ஒரு கயிற்றையும் தலையைச் சொறிகிற ஒரு கூட்டாளியையும் கொண்டுவந்து வைக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெயரும் தெலியாத்னிகோவ் என்ற பெயரும் ஒன்றாகாது. அடிமைகளைப் பற்றிக் கோகோல் கொண்டிருந்த கொள்கையினால் இது நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1847இல் அவர் வெளியிட்ட கடிதத் தொகுப்பு பண்ணையார்களின் அதிகாரத்துக்கே பரிந்து பேசிற்று. அதற்காகப் பெலின்ஸ்கியிடம் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பண்ணையடிமை முறை ஒழிந்த 1861ஆம் வருஷத்தைப் பார்க்க கோகோல், பெலின்ஸ்கி இருவருமே இருக்கவில்லை. கொள்கையில் அவர் மறுத்த இடத்தை, கதை எழுதும்போது அவர் கை அந்தக் குடியானவர்களுக்குக் கொடுத்துவிட்டது.

நம் விமரிசனக் கட்டுரைகளில் ‘மனிதன்’, ‘மக்கள்’, ‘சாமானியன்’, ‘வாழ்வு’ என்ற வார்த்தைகள் தாராளமாகப் புழங்குகின்றன. ஒரு நாவல் மனிதனைப் பற்றிப் பேசுகிறது என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. கருத்து உயர்ந்ததாக இருப்பதால் யாரும் ஆட்சேபிப்பதும் இல்லை. அந்த நாவலில் மனிதன் என்ற சொல் யார் யாரைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர், வேலைக்காரி என்றும் வண்டிக்காரன் என்றும் பெயரில்லாமல் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். எண்ணிக்கை மட்டுமே விமரிசனம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். விடிவெள்ளி விஷயத்தை மறந்துவிட்டு நான் பேசவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்காமல் கருத்தை மட்டும் வியக்கிற விமரிசனம், மனீலோவ் மாதிரி எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்துவிடுகிறது.

‘செத்த ஆத்மாக்கள்’ கையில் கிடைக்கிறவர்கள் பண்ணையார்களைப் பார்த்துச் சிரிக்கட்டும், அதற்காக எழுதியதுதான். ஏழாவது அத்தியாயம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானித்து, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அடித்துவிட்ட பெயரையும் சேர்த்துத்தான்.